ஈர மணலில் இடது கால்

போன வாரம் என் மகன் அலுவலகத்திலிருந்து வரும்போது வழவழப்பான ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து என் மடியில் போட்டான். மகாபலிபுரம் போகிற சாலையில் கடலோரமாக ஒரு விடுதியாம். இரண்டு ராத்திரி, மூன்று பகல், குடும்பத்தோடு தங்கிவிட்டு வரலாமாம். காகிதத்தின் ஒரு பக்கம் முழுக்க நீலக் கடல். மறுபக்கம் ‘பார்க்க வேண்டியவை, செய்ய வேண்டியவை’ என்று ஒரு பட்டியல். சூரிய உதயம், படகுச் சவாரி, குதிரைச் சவாரி, கிளிஞ்சல் மாலை என்று வரிசையாகப் போய், ஓரிடத்தில் ‘வெறுங்காலுடன் ஈர மணலில் நடந்து மகிழுங்கள்’ என்று போட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் தனியாகச் சிரித்தால் இந்த வீட்டில் பயப்படுகிறார்கள். மருமகள் சமையலறையிலிருந்து ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அவளிடம் இதைச் சொல்ல முடியாது. உங்களிடம் சொல்லலாம். நீங்கள் என் காலைப் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை.

நாங்களும் கடற்கரைக்கு உல்லாசமாகப் போய்வந்தவர்கள்தான். வெள்ளைக்காரன் காலத்தில், இரண்டாவது உலகச் சண்டை வருவதற்கு முன்னால். ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகை எங்கள் ஊர். ஏரித் தண்ணீரில் நெல் விளைகிற ஊர். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், காணும் பொங்கலன்று, கோழி கூப்பிடும் முன்பே வண்டி கட்டிவிடுவோம். அம்பத்தூர் தாண்டும்போது வெளுக்கும், பாடி வரும்போது வெயில் ஏறும், பட்டணத்துக்குள் நுழையும்போது வயிற்றைக் கிள்ளும். ஆவடியிலிருந்து ரயில் இருந்தது. ஏன் ரயிலில் போகக்கூடாது என்று அம்மா ஒவ்வொரு வருஷமும் கேட்பாள். “ரயில்ல போனா மாட்ட யாரு பாப்பாங்க?” என்பார் நைனா. எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். கொம்புக்குப் புது வர்ணம் அடித்து, கழுத்தில் சலங்கை கட்டி, அந்த ஜோடி மாட்டைப் பட்டணத்துக்காரர்களுக்குக் காட்டாவிட்டால் அவருக்குப் பொங்கல் முடிந்த மாதிரி இருக்காது. காய்ந்தும் காயாத அந்த வர்ணத்தின் வாடையும், வண்டிக்குள் பரப்பிய வைக்கோல் வாடையும், தூக்குவாளியில் இருக்கும் புளிச்சோற்றின் வாடையும் சேர்ந்து அடிக்கும். இன்றைக்கும் யாராவது வீட்டுக் கதவுக்கு வர்ணம் அடித்தால் எனக்குப் புளிச்சோறு சாப்பிடவேண்டும் போல இருக்கிறது. என்ன ஜென்மமோ.

பட்டணத்தில் பார்ப்பதற்கு எங்களுக்கும் ஒரு பட்டியல் இருந்தது. எழும்பூரில் செத்த காலேஜ், சென்ட்ரல் பக்கம் உயிர் காலேஜ். முதலாவது அருங்காட்சியகம், இரண்டாவது மிருகக்காட்சி சாலை என்பதெல்லாம் ரொம்பக் காலம் கழித்து எனக்குத் தெரியவந்த மரியாதையான பெயர்கள். செத்த காலேஜில் திமிங்கலத்தின் எலும்பைத் தொங்கவிட்டிருப்பார்கள். அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்த அம்மா, “இத வெட்டிக் கொழம்பு வெச்சா எத்தினி ஊருக்கு வரும்?” என்று நிஜமாகவே கவலைப்பட்டாள். உயிர் காலேஜில் புலி எப்போதும் படுத்தே கிடக்கும். அவ்வளவு தூரம் வண்டி கட்டி வந்தவர்களுக்கு எழுந்து ஒரு நடை காட்டக் கூடாதா என்று குடைக் காம்பால் குத்துவார்கள். அது எழுந்திருக்காது. குத்தியவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று திட்டிக்கொண்டே போவார்கள். நானும் ஒருமுறை கம்பிக்குள் கல் எறிந்திருக்கிறேன். புலியின் முகத்தில் பட்டது. ரொம்ப நாள் ஊரில் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கடற்கரைதான் கடைசி. அங்கே மீன் வீடு என்று ஒன்று இருந்தது, கண்ணாடித் தொட்டிகளுக்குள் கடல் மீன் நீந்தும். அப்புறம் சுண்டல், பலூன், கால் நனைப்பது. கால் நனைப்பதில்தான் விஷயமே இருக்கிறது.

எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் எடுத்த எடுப்பில் பெண் பார்க்க வீட்டுக்கு வந்துவிட மாட்டார்கள். வீட்டுக்கு வந்து, பஜ்ஜி சொஜ்ஜி தின்றுவிட்டு, வேண்டாம் என்று போய்விட்டால் ஊர் பூராவும் தெரிந்துவிடும், பெண்ணுக்குப் பெயர் கெட்டுவிடும். அதனால் காணும் பொங்கலன்று பட்டணத்தில் தற்செயலாகச் சந்தித்துக்கொள்வார்கள். செத்த காலேஜில் திமிங்கலத்துக்குக் கீழே ஒரு குடும்பம் நிற்கும், இன்னொரு குடும்பம் எதிரே வரும். “அட, நீங்களா?” என்பார்கள். தரகர் நடுவில் நின்று ஆச்சரியப்படுவார். பிடிக்காவிட்டால் இரண்டு குடும்பமும் எலும்பைப் பார்த்துவிட்டுப் போனதாகக் கணக்கு. பெண்ணுக்கு எதுவும் சொல்லமாட்டார்கள். சொல்லவேண்டியதும் இல்லை. மற்றவர்களுக்குப் பழைய துணி, தனக்கு மட்டும் புதுப் புடவை என்றால் எந்தப் பெண்ணுக்குப் புரியாது?

என் அக்கா தனக்கோட்டியை இப்படி இரண்டு வருஷம் காட்டியாயிற்று. முதல் வருஷம் வந்தவர்கள் கறுப்பு என்றார்கள். இரண்டாம் வருஷம் வந்தவர்கள் உயிர் காலேஜில் குரங்குக் கூண்டுக்கு முன்னால் அவளைச் சிரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஈறு தெரிகிறது என்றார்கள். அக்காவுக்குப் பதினேழு முடிந்திருந்தது. அன்றைய கணக்கில் அது முற்றின கத்தரிக்காய் வயசு. மூன்றாம் வருஷம் பூந்தமல்லியிலிருந்து ஒரு இடம் வந்தது. மல்லிகைத் தோட்டம் வைத்திருந்த குடும்பம். பையன் சைக்கிள் வைத்திருந்தான். அறுப்பின்போது விதைநெல் வாங்க எங்கள் களத்துக்கு வந்தவன், அக்கா கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தான். “ரெண்டு சொம்பு குடிச்சான்டி, தாகமே இல்ல அவனுக்கு” என்று அக்கா என்னிடம் மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டால் கையிலிருப்பதைக் கீழே போட்டுவிடுவாள். அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. ரொம்பப் பிடித்திருந்தது. இந்த இடம் தட்டிப்போகக்கூடாது என்று அவள் ஏரிக்கரை அம்மனுக்கு விளக்குப் போட்டது எனக்குத் தெரியும். அந்த விளக்குக்கு எண்ணெய் திருடிக் கொடுத்ததே நான்தான்.

பையனின் அம்மாவுக்கு நிறமும் ஈறும் ஒரு பொருட்டில்லையாம். கால் மட்டும் பார்க்கவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். நடக்கும்போது சுண்டு விரல் மண்ணில் படாத பெண் கட்டினவனை முழுங்கிவிடுவாள் என்று எங்கள் பக்கத்தில் நம்பினார்கள். அதைக் கண்டுபிடிக்கக் கடற்கரையின் ஈர மணலைவிட நல்ல இடம் கிடையாது. பெண்ணும் அவள் அம்மாவும் கால் நனைக்கிற மாதிரி அலையோரமாக நடந்துவிட்டு வந்துவிடவேண்டும். அவர்கள் ஜமுக்காளத்துக்குத் திரும்பியதும் பையனின் அம்மா தானும் கால் நனைக்கப் போகிற மாதிரி போய், பதிந்த தடத்தைப் பார்த்துவிட்டு வருவாள். பெண்ணின் எதிரில் காலைப் பார்ப்பது அநாகரிகமாம். எவ்வளவு நாசூக்கு பாருங்கள்.

இதற்காக மார்கழி பூராவும் அம்மா அக்காவின் பாதத்தைச் செங்கல்லால் தேய்த்துக் கழுவி மஞ்சள் பூசினாள். அக்காவின் கால் சின்னது, எலுமிச்சம்பழம் மாதிரி மஞ்சளாக மினுக்கும். பத்து விரலும் எண்ணி வைத்த மாதிரி ஒழுங்காக உட்கார்ந்திருக்கும். எனக்கோ பதினோரு வயசிலேயே அக்காவின் கால் அளவு. நைனா என்னை எருமைக்கால் என்றுதான் கூப்பிடுவார். என் இடது கால் சுண்டு விரலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏழு வயசில் களத்தில் போரடிக்கும்போது மாடு மிதித்துவிட்டது. மாட்டைத் தள்ளி என் காலை உருவியெடுத்தவன் மாரி. எங்கள் நிலத்தில் பரம்பரையாகப் படியாளாக இருந்தவன், வண்டி ஓட்டுவதும் அவன்தான். அம்மா முட்டை வெள்ளையும் உளுத்தமாவும் குழைத்துக் கட்டுப் போட்டாள். ஆறினபோது அந்த விரல் பக்கத்து விரலின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது, இறங்கவேயில்லை. அம்மா கட்டைப் பிரித்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்துவிட்டு, “யாராண்டையும் காட்டாத. நைனாவாண்ட கூட” என்றாள். சின்னப் பெண்ணின் காலை யார் பார்க்கப்போகிறார்கள்? ஒருவரும் பார்க்கவில்லை.

அந்த வருஷம் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. காற்றில் உப்பும் சுண்டல் வேகிற வாசனையும். மாரி வண்டியைச் சாலையோரம் அவிழ்த்துப்போட்டு மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான். பூந்தமல்லிக்காரர்கள் எங்களுக்கு ஐம்பதடி தள்ளி ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். பூந்தமல்லி அம்மாள் தாட்டியான பொம்பளை, கையில் கறுப்புக் குடை. சைக்கிள்காரன் சைக்கிள் இல்லாமல் வந்து எங்கள் பக்கம் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். அக்காவுக்குப் புதுப் புடவை, தலை நிறையக் கதம்பம். தரகர் அவளைப் பார்த்தார், நைனா அவளைப் பார்த்தார், பக்கத்துக் குடும்பத்தாரும் அவளையே பார்த்தார்கள். என் பாவாடை போன வருஷத்துப் பாவாடை. எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே எரிந்தது.

அம்மா, “நீ இங்கியே குந்திகினு இரு, வராத” என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு போனாள். அம்மா மேலே காய்ந்த மணலில் நடந்தாள். அக்கா அலையோரமாக, சொல்லிக்கொடுத்தபடி, பாதம் முழுக்கப் பதிய மெல்ல நடந்தாள். அவள் முதுகைப் பார்த்தேன். யாரோ ராஜகுமாரி நடப்பது போல இருந்தது. எழுந்து ஓடினேன். அக்காவுக்கும் அம்மாவுக்கும் நடுவில், அக்காவின் தடத்துக்கு ஒரு முழம் மேலே, அவளைப் போலவே இடுப்பை ஆட்டி, அவளைப் போலவே மெல்லப் பாதம் வைத்து நடந்தேன். அவளைக் கேலி செய்தேன். பூந்தமல்லி ஜமுக்காளத்தில் யாரோ சிரித்தார்கள். என்னைத்தான் பார்க்கிறார்கள் என்று இன்னும் கொஞ்சம் ஆட்டினேன். அம்மா திரும்பிப் பார்த்து என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அக்காவும் பின்னாலேயே வந்துவிட்டாள்.

உட்கார்ந்ததும் நைனா சுண்டல் வாங்கிக் கொடுத்தார். ஒரு வாய் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது பெரிய அலை ஒன்று வந்து அக்காவின் தடத்தை முழுக்க வழித்துக்கொண்டு போனது. ஒரு முழம் மேலே இருந்த என் தடத்தை அது தொடவில்லை. பூந்தமல்லி அம்மாள் எழுந்து போனாள். கூட இன்னொருத்தியும் போனாள். குனிந்தாள். குடைக் காம்பால் மணலைச் சுட்டிக் காட்டினாள். நாலடி நடந்தாள், மறுபடி குனிந்தாள். சின்னது ஒன்று கூட ஓடியதை அவளும் பார்த்திருப்பாள். பதினோரு வயசுக்காரிக்கு அவ்வளவு பெரிய பாதம் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்து ஓடி ‘அது என் காலு’ என்று கத்தியிருக்கலாம். நான் சுண்டலை மென்று முடித்தேன். காகிதத்தில் ஒட்டியிருந்த தேங்காயையும் வழித்துத் தின்றேன்.

பூந்தமல்லி அம்மாள் திரும்பி வந்து அக்காவின் கையில் ஒரு கொய்யாப்பழம் கொடுத்து, “நல்லாருடியம்மா” என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்கா அந்தப் பழத்தைத் தின்னாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ராத்தங்குகிற சத்திரத்துக்கு நாங்கள் வந்து இறங்கிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் தரகர் வந்துவிட்டார். வாசலில் வண்டிகள் அவிழ்த்துக் கிடந்தன, நாலைந்து ஊர்க்காரர்கள் சுற்றி இருந்தார்கள். தணிந்த குரலில்தான் சொன்னார். ஆனால் அப்படிப்பட்ட சேதிக்குத் தணிந்த குரலே கிடையாது. “எடது காலு சுண்டு வெரலு மண்ணுல படவே இல்லியாம்பா. ரெண்டு பேரு பாத்துட்டாங்க. எங்களுக்கு ஒரே புள்ள, வோணாம்னுட்டாங்க.”

அம்மா என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. அப்போது மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்த மாரி வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“ஆண்டே, அது பெரியம்மா காலு இல்ல ஆண்டே. சின்னம்மா காலு. மாடு மெதிச்ச காலு. நான்தான உருவி உட்டேன்.”

நைனா வண்டியில் செருகியிருந்த சாட்டையை எடுத்தார். “பொம்பள காலப் பாத்துகினு கீறியாடா நீ? என் ஊட்டுப் பொண்ணுங்க காலயா?” என்று கேட்டுக் கேட்டு அடித்தார். மாரி ஓடவில்லை, தடுக்கவும் இல்லை. “நெஜம் ஆண்டே, நெஜம் ஆண்டே” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். சத்திரத்துக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். கை ஓய்ந்ததும் நைனா என் பக்கம் திரும்பினார்.

“இவன் சொல்றது நெஜமாடி?”

அம்மா என் பாவாடையைக் கீழே இழுத்துவிட்டாள். “கொழந்த காலுல இன்னா கீது? ஒண்ணும் இல்ல” என்றாள்.

“இல்ல நைனா” என்றேன் நானும்.

பதினோரு வயசுக்கு அவ்வளவு விவரம் இருக்குமா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கும். புருஷனை முழுங்குகிறவள் அவளா நானா என்பதுதான் கேள்வி என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பயத்தில் சொன்ன பொய் இல்லை அது. யோசித்துச் சொன்னது.

அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அப்போது அவள் ஒரு காரியம் செய்தாள். வயசுப் பெண்கள் ஆண்களுக்கு எதிரில் செய்யாத காரியம். இரண்டு காலையும் முன்னால் நீட்டினாள். புடவையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, பாதத்தைத் தரையில் அழுத்தி ஊன்றி, பத்து விரலையும் விரித்து வைத்தாள். யாராவது குனிந்து பார்த்திருந்தால் போதும். நைனா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தரகர் வெற்றிலை மடித்தார். “கால மடக்கி ஒக்காரு, வெக்கங்கெட்டவளே” என்றாள் அம்மா.

மறுநாள் காலையில் கிணற்றடியில் எனக்கு முகம் கழுவிவிடும்போது அம்மா என் காதோடு சொன்னாள். “பெரியவளுது நல்ல காலு, என்னிக்கின்னாலும் காட்டிக்கலாம். உன்னுது வெளிய தெரிஞ்சா நீயும் போச்சி, கூடப் பொறந்த பாவத்துக்கு அவளும் போச்சி. வாய மூடிகினு இரு.” அம்மாவின் கணக்கில் தப்பில்லை. இன்றைக்கும் போட்டுப் பார்க்கிறேன், விடை அதேதான் வருகிறது. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

திரும்பும் வழியில் வண்டிக்குள் அக்கா எனக்கு எதிரே உட்கார்ந்தாள். பாடி தாண்டியதும் என் பாவாடைக்குள் கையை விட்டு அந்தச் சுண்டு விரலைப் பிடித்தாள். நகத்தைப் பதித்துத் திருகினாள். என் கண்ணில் தண்ணீர் கொட்டியது. கத்தினால் ஏன் கத்தினாய் என்று நைனா கேட்பார், விரலைக் காட்டவேண்டி வரும். அவளுக்கும் அது தெரியும். அம்பத்தூர் வரைக்கும் விடவில்லை. அம்மா வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். முன்னால் மாரி, சாட்டை கிழித்த முதுகோடு, அதே சாட்டையைப் பிடித்து வண்டி ஓட்டினான்.

நைனா அதற்கப்புறம் ஒருநாளும் என் காலைப் பார்க்கவில்லை. பார்த்துவிடக் கூடாது என்று கவனமாக இருந்தார். இன்னொரு தரம் வந்து பெரியவளின் காலைப் பாருங்கள் என்று பூந்தமல்லிக்குச் சொல்லி அனுப்பலாமே என்று யாரோ கேட்டதற்கு, “என் பொண்ணு காலத் தூக்கிகினு ஊரு ஊரா காட்டிகினு வரணுமா?” என்று கத்தினார். பேச்சு சேக்காடு, திருநின்றவூர் என்று போகாத இடமில்லை. மூன்று வருஷம் ஒருவரும் வரவில்லை. காணும் பொங்கலுக்கு வண்டி கட்டுவதும் நின்றுபோனது. கடைசியில் வேப்பம்பட்டிலிருந்து ஒருவர் கேட்டு வந்தார். நாற்பது வயசு, இரண்டு பெண்டாட்டி செத்தவர், நாலு பிள்ளைகள், இழுப்பு நோய். இரண்டு பேரை முழுங்கினவனை இவள் என்ன முழுங்கிவிடப்போகிறாள் என்று பெரியவர்கள் பேசிச் சிரித்து முடித்தார்கள். அக்கா தாலிக்குக் கழுத்தை நீட்டினாள். இரண்டாவது வருஷம் மழைக்காலத்தில் இழுப்பு முற்றி அவர் போய்விட்டார். “பாத்தியா, காலு சொன்னது பொய்க்கல” என்றது ஊர். பூந்தமல்லி அம்மாள் தன் பிள்ளை தப்பித்ததற்குக் கோயிலில் பொங்கல் வைத்தாள் என்று தரகர் வந்து சொல்லிவிட்டுப் போனார். வேலை மெனக்கெட்டு வந்து சொன்னார்.

என் கல்யாணம் சுலபமாக நடந்தது. சண்டைக் காலம். ஆவடியில் பட்டாளத்துக்காரர்கள் கூடாரம் போட்டு, நிலம் நீச்சு எல்லாம் கைமாறி, ஊரே தலைகீழாக இருந்தது. மாப்பிள்ளை ரயில்வேயில் குமாஸ்தா, காலைப் பார்க்கிற குடும்பம் இல்லை. அம்மியின் மேல் வைக்கிற கால் வலது கால். இடது காலை நான் புடவைக்குள்ளேயே வைத்திருந்தேன். அவருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. ஒருநாள் காய்ச்சல் என்று படுத்ததில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் விடுகிற குறட்டையில் தெருநாய் எழுந்து வேறு இடம் பார்த்துப் போகிறது. என் சுண்டு விரல் இன்றைக்கும் மண்ணில் படுவதில்லை.

என் முதல் பிரசவத்துக்கு அம்மாவுக்கு உடம்பு முடியாமல் அக்காதான் வேப்பம்பட்டிலிருந்து வந்து பார்த்துக்கொண்டாள். வெள்ளைப் புடவை, இருபத்து நாலு வயசு. ஒருநாள் எனக்குக் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்த விரல் அவள் கையிலேயே இருந்தது. எனக்குத் தாங்கவில்லை. “அக்கா, அன்னிக்கி பீச்சுல” என்று ஆரம்பித்தேன்.

“சொல்லாத” என்றாள். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. “சொல்லிட்டா உனுக்கு லேசா பூடும். நீயே வெச்சிகினு இரு.” மீதி வெந்நீரையும் பொறுமையாக ஊற்றி, ஈரம் துடைத்துவிட்டுப் போனாள். அப்புறம் எத்தனையோ வருஷம், தீபாவளி, கல்யாணம், காரியம் என்று பார்த்துக்கொண்டோம். விலைவாசி பேசினோம், பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். கடற்கரை என்ற சொல் மட்டும் எங்களுக்குள் வரவேயில்லை.

அந்த நாளில் பார்த்தவை எதுவும் இப்போது இல்லை. சண்டையின்போது மீன் வீட்டை மூடிவிட்டார்கள். உயிர் காலேஜை வண்டலூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள், அங்கே புலிக்குக் காடே கொடுத்திருக்கிறார்களாம், கல்லெறிய முடியாது. எங்கள் களம் இருந்த இடத்தில் மூன்று மாடி வீடுகள். மாரி பட்டாளத்துக் கூடாரத்தில் கூலிக்குச் சேர்ந்தவன் நிலத்துக்குத் திரும்பவேயில்லை. நைனாவை அதற்கப்புறம் அவன் ஆண்டே என்று கூப்பிடவும் இல்லை. கடைசியாக அவனை ஆவடி ஸ்டேஷனில் பார்த்தேன், தலை நரைத்து, மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். “இன்னா சின்னம்மா, காலு எப்பிடிக் கீது?” என்று பிளாட்பாரமே கேட்கிற மாதிரி கேட்டான். நான் வேறு யாரோ மாதிரி ரயிலில் ஏறிக்கொண்டேன். அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான். பார்வை பார்த்த அம்மாவும், பார்க்காத நைனாவும் எப்போதோ போய்விட்டார்கள்.

அக்கா போன மார்கழியில் போனாள். மூத்தாள் பிள்ளைகள் நாலு பேரும் அவளைத் தாங்கித்தான் வைத்திருந்தார்கள், குறை சொல்ல முடியாது. வேப்பம்பட்டில் வாசலில் கிடத்தி, குளிப்பாட்டி, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துத் துணியால் கட்டினார்கள். நான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். கால்மாட்டில் அந்தத் தெருவிலேயே வயசான ஒருத்தி, அக்கா அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அவளைத் தெரிந்தவள், நல்ல காரியத்துக்கு அக்காவைத் தள்ளியே நிற்கவைத்தவள், ஈரத் துணியால் பாதத்தைத் துடைத்தாள். துடைத்தவள் நின்றாள். இடது பாதத்தைத் தூக்கித் தன் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு விரலாகத் தடவினாள்.

“இன்னாடி இது அதிசயமா கீது?” என்றாள் என்னைப் பார்த்து. “அத்தினியும் ஒழுங்காத்தான கீது. நீ கூடப் பொறந்தவ, நீ சொல்லு. எந்த வெரலத்தான் சொன்னாங்க?”

சுற்றியிருந்த பொம்பளைகள் எல்லாம் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். சொல்லியிருக்கலாம். நைனா இல்லை, அம்மா இல்லை, என்னை வேண்டாம் என்று சொல்ல ஒரு மாப்பிள்ளை வீடும் இல்லை. அக்கா கூட இனி என்னைத் தடுக்க முடியாது.

“தெரியாதே” என்றேன். “நான் அப்ப ரொம்பச் சின்னப் பொண்ணு.”

கிழவி உதட்டைப் பிதுக்கிவிட்டு அந்தக் காலைக் கீழே வைத்தாள். பொம்பளைகள் மறுபடி அழ ஆரம்பித்தார்கள். மதியத்துக்குள் எடுத்துவிட்டார்கள்.